பிறந்த இடம்

கோவைக்காரன் எந்தப் பயணத்தையும் கூகுள் ஷீட்டில்தான் தொடங்குவான். 2025 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வந்து விழுந்தது. ஷீட்டின் பெயர் 'யூரோப் வின்டர் ஃபைனல் 4'. அதற்கு முன்னால் வந்த மூன்று ஃபைனல்களும் ஊற்றிக்கொண்டன. ஒரு வருடம் திருச்சிக்காரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. இன்னொரு வருடம் தஞ்சாவூர்க்காரனுக்கு வேலை போனது. மூன்றாவது வருடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். உண்மையில் நான் லீவு கேட்கவே இல்லை.

நாங்கள் நான்கு பேரும் 2010-ல் ஒரே பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவர்கள். ஹாஸ்டலில் ஊர்ப்பெயரே ஆள் பெயரானது. என்னை மட்டும் 'சிவகாசி' என்று கூப்பிட்டார்கள். என் ஊர் சிவகாசி இல்லை. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் இருக்கும் அச்சங்குளம். முதல் நாள் அறிமுகத்தில் "அச்சங்குளம்" என்றேன். "அது எங்கடா இருக்கு?" என்றார்கள். "சிவகாசி பக்கம்" என்றேன். அந்தப் 'பக்கம்' சீக்கிரமே உதிர்ந்துவிட்டது. பதினைந்து வருடமாக நான் எனக்குச் சொந்தமில்லாத ஒரு ஊரின் பெயரில் இருக்கிறேன். வசதியாகவும் இருந்தது. சிவகாசி என்றால் காலண்டர், தீப்பெட்டி, பட்டாசு, குட்டி ஜப்பான். எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரியும். மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

ஷீட்டில் ஆறு டேப்கள். பாதை, பட்ஜெட், விசா, சாப்பாடு, துணிமணி, சந்தேகங்கள். பாதை இதுதான்: டிசம்பர் 26 ஆம்ஸ்டர்டாம். 29 ரயிலில் பெர்லின். ஜனவரி 2 ப்ராக். 5 வியன்னா. 7-ம் தேதி அங்கிருந்து திரும்பல். பெர்லினில் நான்கு இரவு. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது ஷெங்கன் விசாவின் விதி. எனவே ஜெர்மனி. ஒரு விசா வாங்கினால் 29 நாடுகளுக்குள் போய் வரலாம். கட்டணம் 90 யூரோ. மூன்று வருட வருமான வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மெண்ட், அலுவலகத்தின் லீவுக் கடிதம், ஹோட்டல் புக்கிங், விமான டிக்கெட், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. 'நான் திரும்பி வந்துவிடுவேன்' என்பதை நூறு பக்கத்தில் நிரூபிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பட்ஜெட் டேப்பில் ஆளுக்கு இரண்டரை லட்சம் என்று இருந்தது. பழக்கதோஷத்தில் அதை அம்மாவின் நாள் கூலியால் வகுத்துப் பார்த்தேன். ஒன்றரை வருடத்துக்கு மேல் வந்தது. அதுவும் மழையே பெய்யாத ஒன்றரை வருடம். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஒவ்வொரு பெரிய செலவுக்கும் உள்ளே தானாக ஓடும். முதல் ஐபோன் வாங்கியபோதும் ஓடியது.

பாதை டேப்பில் டிசம்பர் 31-ன் கட்டத்தில் 'ஃபயர்வொர்க்ஸ்!!!' என்று மூன்று ஆச்சரியக்குறியோடு இருந்தது. நான்கு ஃபைனல்களிலும் மாறாமல் இருந்த ஒரே வரி அதுதான். ஜெர்மனியில் பொதுமக்களுக்குப் பட்டாசு விற்பது வருடத்தின் கடைசி மூன்று நாள்தான். வெடிப்பது 31-ம் தேதியும் புத்தாண்டு நாளும் மட்டும். அதனால் வருடத்தின் மொத்த வெறியையும் அந்த ஒரே இரவில் தீர்த்துவிடுவார்கள். பெர்லினில் தெருவுக்குத் தெரு மக்களே வெடிப்பார்கள். யூடியூபில் பார்த்தால் தீபாவளி இரவைப் பனிக்குள் தூக்கி வைத்தது போல இருக்கும்.

கோவைக்காரன் அந்த வரிக்குக் கீழே ஒரு கமெண்ட் போட்டிருந்தான்: "சிவகாசிக்கு ஆஃப். அவன் பாக்காததா?"

நான் ஒரு சிரிப்பு எமோஜி போட்டேன்.

*

காப்பீட்டை நான்கு பேருக்கும் சேர்த்து எடுக்கும் வேலை திருச்சிக்காரிக்கு. செப்டம்பரில் எல்லோருடைய பாஸ்போர்ட் ஸ்கேனையும் கேட்டாள். அனுப்பினேன். அன்று இரவு பதினொரு மணிக்குக் குழுவில் இல்லாமல் எனக்குத் தனியாக மெசேஜ் வந்தது.

"உன் பாஸ்போர்ட்ல பிறந்த இடம் அச்சங்குளம்னு இருக்கு."

"ஆமா."

"ஸ்பெல்லிங் சரியான்னு பாக்க கூகுள் பண்ணேன்."

பிறகு ரொம்ப நேரம் 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தது.

"2021 பிப்ரவரி 12. வெள்ளிக்கிழமை. அன்னைக்கு நமக்கு டெமோ இருந்துச்சுல்ல?"

அவளும் நானும் அப்போது ஒரே டீமில் இருந்தோம். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு பால்கனிக்குப் போனேன். நாலரை வருடமாக இந்தக் கேள்வி வராது என்று நினைத்திருந்தேன். என் ஊரின் பெயரே யாருக்கும் தெரியாதபோது எப்படி வரும்? ஆனால் பாஸ்போர்ட்டில் 'சிவகாசி பக்கம்' என்று போட முடியாது.

ஷெங்கன் என்பது ஒரு கிராமத்தின் பெயர் என்று சமீபத்தில்தான் எனக்குத் தெரிந்தது. லக்ஸம்பர்க்கில், மொசெல் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் அங்கே ஆற்றில் நின்ற ஒரு படகில் கூடி, எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக எடுத்துவிடுவது என்று கையெழுத்துப் போட்டன. அன்றிலிருந்து அந்த ஊரின் பெயர் உலகம் முழுக்கப் படிவங்களில் அச்சாகிறது. இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் ஊரை நினைப்பதில்லை. என் ஊருக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. கூகுளில் அச்சங்குளம் என்று தேடினால் கண்மாய் வராது, கோயில் வராது, கரிசல் காட்டில் தனித்தனியாக நிற்கும் ஷெட்டுகளின் படம் வரும். கரிந்த சுவர், மேலே புகை.

*

2021 பிப்ரவரியில் நான் ஊரில்தான் இருந்தேன். கொரோனா காலத்து வீட்டு வேலை. முன்னறையில் பழைய தையல் மெஷின் மேல் லேப்டாப். பின்னால் தாயார் படம் போட்ட மளிகைக் கடைக் காலண்டர். அது தெரிய வேண்டாம் என்று வீடியோ காலில் பனிமலை ஒன்றைப் பின்னணியாக வைத்திருப்பேன். மென்பொருளே கொடுத்த மலை. எந்த நாட்டு மலை என்றுகூடத் தெரியாது.

எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை 'ஃபயர் ஆபீஸ்' என்போம். தீப்பெட்டி ஆலை என்றால் தீப்பெட்டி ஆபீஸ். சின்ன வயதில் 'அம்மா ஆபீஸ் போயிருக்கா' என்று பள்ளிக்கூடத்தில் சொல்வேன். யாரும் சிரித்ததில்லை, எல்லோருடைய அம்மாவும் ஆபீஸ்தான் போயிருப்பாள். கல்லூரியில் அதைச் சொன்னபோதுதான் ஒருவன் "என்ன ஆபீஸ்? கவர்மென்ட்டா?" என்று கேட்டான். அம்மா திரி வைக்கிற வேலை. ஒரு குரோஸ், அதாவது 144 உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. கை ஓடினால் காசு. மழை என்றால் வேலை இல்லை, செய்ததைக் காய வைக்க வெயில் வேண்டும்.

அன்று மதியம் ஒரு மணிக்கு டெமோ. ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்குக் காலை எட்டரை. நான் திரையைப் பகிர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தச் சத்தம்.

வெடிச் சத்தம் எங்களுக்குப் புதிதில்லை. புது ரகம் போட்டால் ஆலைகளில் வெடித்துப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு ஊரில் நாய்கூடத் தலையைத் தூக்காது. இது அது இல்லை என்பது ஒரு நொடியில் தெரிந்தது. காதுக்கு முன்னால் தரைக்குத் தெரிந்தது. தையல் மெஷின் ஆடியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பிறகு நிற்காமல் சின்னச் சின்னதாக வெடித்துக்கொண்டே இருந்தது. தெருவில் ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடினாள்.

என் மைக் திறந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் "அது என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை, பட்டாசு. எங்கள் பக்கம் எப்போதும் ஏதாவது விசேஷம் இருக்கும்" என்றேன்.

அவர் சிரித்தார். "நல்ல காலை வேளை" என்றார். நானும் சிரித்தேன். அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். இன்னும் இருபத்தைந்து நிமிடம் பேசினேன். டெமோ நன்றாகப் போனது. முடிந்ததும் மேனேஜர் குழுவில் என் பெயரைப் போட்டுப் பாராட்டினார். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு போன் செய்தேன்.

அம்மா வேலை பார்த்தது வேறு ஆலை. எனக்கு அது தெரியும். ஆனால் எங்கே வெடித்தது என்று அப்போது தெரியாது. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் அவளுடைய போன் வீட்டு அலமாரியிலேயே அடித்தது. நான் கூப்பிட்ட போன் எனக்குப் பின்னாலேயே அடித்ததைக் கேட்டபடி நின்றேன். வெளியே வந்து பார்த்தால் வானத்தில் வெள்ளையாகப் புகை ஏறிக்கொண்டிருந்தது.

இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவமனைகளில் சேர்த்தவர்களில் சிலர் பின்னாளில் போனதால் எண்ணிக்கை பல நாள் ஏறிக்கொண்டே போனது. மாநில அரசு 3 லட்சமும் பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சமும் அறிவித்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, பின்னால் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்றது. உரிமம், உள்குத்தகை, அறைக்கு எத்தனை பேர் என்றெல்லாம் சில வாரம் தொலைக்காட்சியில் பேசினார்கள். உள்குத்தகை என்ற சொல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே தெரியும். சாலையோரத்தில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்கள் வரிசையாக நின்றன. வெயிலில் முகங்கள் முதலில் வெளுத்தன, பெயர்கள் கொஞ்ச காலம் தாங்கின. அடுத்த மழைக்கு அவற்றில் ஒன்று யார் வீட்டு ஆட்டுக்கொட்டகை மேலேயோ கிடந்தது. மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. நல்ல கனமான ஃப்ளெக்ஸ், ஒழுகாது.

இதில் நான் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த வாடிக்கையாளர் நல்ல மனிதர். விபத்து என்று சொல்லியிருந்தால் டெமோவை அவரே நிறுத்தியிருப்பார். மேனேஜரும் அப்படித்தான். யாரும் என்னைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பனிமலை இருந்தது, அதைக் கலைக்க மனம் வரவில்லை. பிறகு ஒவ்வொரு வருடமும் 'ஃபயர்வொர்க்ஸ்!!!' என்ற வரியைப் பார்க்கும்போது 'எப்போதும் ஏதாவது விசேஷம்' என்று சொன்ன என் குரல் எனக்குக் கேட்டது. அதனால்தான் அந்த வருடம் லீவு கேட்கவில்லை.

*

இதையெல்லாம் திருச்சிக்காரிக்கு டைப் பண்ண முடியாது. மறுநாள் போனில் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அந்த கால்ல நானும் இருந்தேன்டா. விசேஷம்னு சொன்னப்ப நானும் சிரிச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "31-ஐ மாத்திருவோமா? அன்னைக்கு ப்ராக்ல இருக்கலாம்" என்றாள். ப்ராக்கிலும் வெடிப்பார்கள் என்றேன். ஐரோப்பாவில் அன்று இரவு வெடிக்காத பெரிய ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அப்போதுதான் என்ஸ்கெடே பற்றிச் சொன்னேன். விபத்துக்குப் பிறகு இரவுகளில் தூக்கம் வராமல், எங்கள் ஊர் போல வேறு ஊர் உண்டா என்று தேடிக்கொண்டிருப்பேன். அப்படிக் கிடைத்த ஊர் அது. நெதர்லாந்தில், ஜெர்மன் எல்லைக்கு ஒட்டி இருக்கிறது. பழைய நெசவாலை ஊர். 2000 மே 13, ஒரு சனிக்கிழமை மதியம், ஊருக்குள்ளேயே வீடுகளுக்கு நடுவில் இருந்த பட்டாசுக் கிடங்கு ஒன்றில் தீப்பிடித்தது. முதலில் சின்ன வெடிகள் மேலே கிளம்பியபோது ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். பிறகு பெரிய வெடிப்பு. ரூம்பேக் என்ற குடியிருப்புப் பகுதி அழிந்தது. 23 பேர் இறந்தார்கள், அதில் நான்கு பேர் தீயணைப்பு வீரர்கள். காயம்பட்டவர்கள் ஏறத்தாழ 950 பேர். ஓஸ்டிங் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். உரிமத்தில் சொன்னதைவிட வீரியமான சரக்கு உள்ளே இருந்தது என்றது அந்தக் குழு. அந்த வரியைப் படித்தபோது எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. 2002-ல் அந்த நாடு பட்டாசு விதிகளைப் புதிதாக எழுதியது. ரூம்பேக்கைத் திரும்பக் கட்டினார்கள், அங்கே குடியிருந்தவர்களைக் கேட்டு. ஒவ்வொரு மே 13-ம் நினைவு கூர்கிறார்கள். 2025-ல் பொதுமக்கள் பட்டாசு வெடிப்பதையே நிறுத்தும் சட்டம் அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

"அது நம்ம ரூட்ல வருதா?" என்றாள்.

வருகிறது. அதுதான் என்னை ரொம்ப நாளாக உறுத்தியது. ஆம்ஸ்டர்டாம்–பெர்லின் ரயில் ஹெங்கலோ என்ற ஸ்டேஷனில் நிற்கும். அங்கிருந்து என்ஸ்கெடே உள்ளூர் ரயிலில் பத்து நிமிடம்தான். நான்கு ஃபைனல்களிலும் அந்த ரயில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிரவு ஷீட்டில் டிசம்பர் 29-க்குக் கீழே ஒரு புது வரி சேர்த்தேன். 'ஹெங்கலோவில் இறங்கி என்ஸ்கெடே. 3 மணி நேரம்.' பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு பத்தி உண்டு. கோவைக்காரன் எல்லா இடத்துக்கும் அதை நிரப்பச் சொல்வான். ரைக்ஸ் மியூசியத்துக்கு 'ரெம்ப்ராண்ட்', ப்ராக்குக்கு 'பாலம், பீர்' என்று இருந்தது. நான் 'அச்சங்குளம்' என்று மட்டும் எழுதினேன்.

ஐந்து நிமிடத்தில் குழு கால் வந்தது. திரும்ப ஒரு முறை எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது தடவை கொஞ்சம் சுலபமாக இருந்தது. கோவைக்காரன் முதலில், "அந்த கமெண்ட்ட நான் எடுத்துர்றேன்டா" என்றான். எடுக்க வேண்டாம் என்றேன். தஞ்சாவூர்க்காரன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் எப்போதும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவான்.

"தப்பா நினைக்காத மச்சான். நாலு வருஷமா பிளான் பண்ணி லீவுல போறோம். அங்க போயும் எழவு வீட்டுக்குப் போணுமா? உங்க ஊர்ல செத்தவங்களுக்கு அந்த ஊருக்குப் போய் என்ன பண்ணப் போற?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவனே, "குளிரு. நாலு மணிக்கு இருட்டிரும். பெட்டிய எங்க வைக்கிறது?" என்றான். அவன் சம்மதிக்கும் முறை அது. கோவைக்காரன் ஸ்டேஷனில் லாக்கர் உண்டா என்று தேட ஆரம்பித்தான்.

இன்னொன்றையும் அவனே கவனித்துச் சொன்னான். ஜெர்மன் கடைகளில் பட்டாசு விற்பனை தொடங்குவது அதே டிசம்பர் 29, திங்கட்கிழமை. காலையில் என்ஸ்கெடே, ராத்திரி பெர்லினில் இறங்கும்போது கடை முழுக்கப் பட்டாசு. ஷீட்டில் இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களில் இருந்தன.

*

ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போனேன். தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை, சீசனின் உச்சம். அம்மா வேனிலிருந்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. கை ரேகைகளில் அலுமினியப் பொடியின் மினுமினுப்பு. சோப்பு போட்டாலும் இரண்டு நாளைக்கு அது போகாது. சின்ன வயதில் அந்தக் கையால்தான் எனக்குச் சோறு ஊட்டுவாள் என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும். ஊட்ட மாட்டாள். மூன்று தரம் கை கழுவிவிட்டு, அப்போதும் கரண்டியால்தான் போடுவாள்.

வேலைக்குப் போக வேண்டாம் என்று எட்டு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "வீட்ல உக்காந்து செவத்தப் பாக்கவா?" என்பாள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதால் என் படிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்றது. மீதியை இந்தக் கைகள் குரோஸ் கணக்கில் கட்டின. அதனால் எனக்கு அதட்டிச் சொல்லும் உரிமை இல்லை.

பயணத்தைப் பற்றிச் சொன்னேன். மேப்பை போனில் பெரிதாக்கிக் காட்டினேன். அவள் கேட்ட முதல் கேள்வி:

"அங்கிட்டு நாலு மணிக்கே இருட்டிருமா? அப்ப வெடிய எப்பிடிய்யா காய வைப்பாங்க?"

அவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை, சீனாவிலிருந்து வாங்குகிறார்கள், ஹுனான் பக்கம் லியூயாங் என்று ஒரு ஊர், அது அவர்களுடைய சிவகாசி என்றேன்.

"அங்க குரோஸுக்கு என்ன கூலி குடுக்கானாம்?"

தெரியாது என்றேன். இவ்வளவு படித்தவனுக்கு அதுகூடத் தெரியவில்லையே என்பது போலப் பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்து, வாசலில் காற்றுக்கு உட்கார்ந்திருந்தபோது அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். சத்தம் கேட்டபோது நான் என்ன சொன்னேன், எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தேன் என்பதையெல்லாம். அவளிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. திட்டுவாள், அல்லது 'போகுது விடு' என்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எங்களுக்கும் கேட்டுச்சு" என்றாள். "எல்லாரும் ஒருக்கா எந்திரிச்சோம். பெறகு உக்காந்துட்டோம். அம்புட்டுக்கும் திரி வச்சுப் பாதில கெடக்கு. அத அப்பிடியே போட்டுட்டு ஓடுனா அதுதான் ஆபத்து. முடிச்சு ஓரமா வச்சுட்டுத்தான் வெளிய வந்தோம். கை நடுங்குச்சு. ஆனா நிக்கல."

"யாரு எங்கன்னு தெரியாமயா?"

"தெரியாமத்தான். தெரிஞ்சா கை ஓடுமா?"

அதற்கு மேல் அவள் பேசவில்லை. அங்கே இறந்தவர்களில் அவளோடு முன்பு ஒரே அறையில் வேலை செய்தவர்கள் உண்டு. என் இருபத்தைந்து நிமிடமும் அவளுடைய அந்த நிமிடங்களும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் கையில் இருந்தது மருந்து, என் கையில் இருந்தது ஸ்லைடு. அப்படியும் அன்றிரவு கொஞ்சம் தூங்கினேன்.

ஊருக்குக் கிளம்பும் அன்று காலை 31-ம் தேதி விஷயத்தைக் கேட்டேன். "நாங்க போற ஊர்ல புது வருசத்துக்கு ராத்திரி பூரா வெடிப்பாங்க. எனக்கு அதப் பாக்கணுமான்னு இருக்கும்மா."

"ஏய்யா, பாக்குறதுக்குத்தான செய்றது?" என்றாள், ஆச்சரியமாக. "நான் முப்பது வருசமா செய்றேன். ஃபேன்சி ரகம் மேல போயி விரியுதுல்ல, நான் செஞ்சது எப்பிடி விரியுதுன்னு ஒழுங்கா நின்னு பாத்ததில்ல. தீவாளியன்னைக்கு அசதில ஏழு மணிக்கே தூங்கிருவேன். நீ பாரு. திரிய அவன் எப்பிடி வச்சிருக்கான்னு மட்டும் டப்பாவ வாங்கிப் பாத்துட்டு வா. பக்கத்துல நிக்காத."

*

விசாவுக்கான நேர்காணல் முடிந்துவிட்டது. கவர் லெட்டரில் பயணத்தின் நோக்கம் என்று சுற்றுலா, அருங்காட்சியகங்கள், புத்தாண்டு என்றெல்லாம் கோவைக்காரனின் மாதிரியைப் பார்த்து எழுதியிருந்தேன். என்ஸ்கெடே மூன்று மணி நேரம்தான் என்பதால் அதைக் குறிப்பிட வேண்டாம் என்றார்கள். நான் ஒரு வரி சேர்த்தேன். கவுண்டரில் இருந்தவர் அந்த வரியைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஸ்டேப்ளரை எடுத்து அடித்தார்.

இதை எழுதும் நவம்பர் மாதத்தில் பாஸ்போர்ட் இன்னும் திரும்பி வரவில்லை. துணிமணி டேப்பை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். தெர்மல் இரண்டு, கம்பளிச் சாக்ஸ் நான்கு, வழுக்காத ஷூ. சாப்பாடு டேப்பில் சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ என் பொறுப்பு, புளியோதரைப் பொடி தஞ்சாவூர்க்காரன் பொறுப்பு. 31 இரவுக்கான கட்டத்தில் கோவைக்காரன் ஆச்சரியக்குறிகளை எடுத்துவிட்டு, '3 பேர் / 4 பேர்?' என்று மாற்றியிருக்கிறான். அந்தக் கேள்விக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது. அம்மா பார்க்கச் சொல்லியிருக்கிறாள் என்பதால் மட்டும் என்னால் பார்த்துவிட முடியுமா என்று தெரியவில்லை. முதல் வெடி வெடிக்கும்போது தரை அதிருமே, அப்போது நான் என்ன ஆவேன் என்பதை எந்த ஷீட்டிலும் எழுத முடியாது.

இன்னொரு சின்னச் சிக்கல். ஊரிலிருந்து கிளம்பும்போது என் ஸ்வெட்டரையும் மஃப்ளரையும் அம்மாதான் மடித்துப் பையில் வைத்தாள், வேலையிலிருந்து வந்த கையோடு. விமான நிலையத்தில் சில சமயம் ஒரு துணித் துண்டால் பையைத் துடைத்து மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள், வெடிமருந்துத் தடம் இருக்கிறதா என்று. உரம் தொட்ட கைக்குக்கூட அந்த மெஷின் கத்தும் என்று படித்திருக்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் இறங்கிய முதல் மணி நேரத்தில் தனி அறையில் உட்கார்ந்து, என் பையில் ஏன் பட்டாசு மருந்து இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

துணிமணி டேப்பின் கடைசியில் 'சிவகாசி: பை, ஸ்வெட்டர் துவைக்க வேண்டும்' என்று எழுதி வைத்தேன். நேற்றுப் பார்த்தபோது யாரோ 'சிவகாசி'யை அழித்து 'அச்சங்குளம்' என்று திருத்தியிருந்தார்கள். பக்கத்தில் திருச்சிக்காரியின் கமெண்ட்:

"துவைக்க வேணாம். கேட்டா என்னன்னு சொல்லிக்கலாம். நாங்களும் கூட இருப்போம்ல."